'பிக் அப்' என்றால் 'எடு' மட்டும்தானா?

ஆங்கிலம் சொல்லித்தரும் எந்தப் புத்தகத்தை, எந்த வீடியோவை எடுத்தாலும் ஃபிரேசல் வெர்ப் என்று ஒரு பாடம் கட்டாயம் வரும். கூடவே நீளமாக ஒரு பட்டியலும் வரும். ஒரு பக்கம் ஆங்கிலம், எதிரே தமிழ். கிவ் அப் என்றால் கைவிடு, லுக் ஆஃப்டர் என்றால் கவனித்துக்கொள், பிக் அப் என்றால் எடு. மனப்பாடம் பண்ணுங்கள், அடுத்த பாடத்துக்குப் போகலாம். இப்படிப் படித்துவிட்டு வருகிறவர், "தி விண்ட் பிக்ட் அப்" என்று எங்காவது ஒரு வரியைப் பார்த்ததும் முழிப்பார். காற்று எதை எடுத்தது? ஒன்றையும் எடுக்கவில்லை. காற்று பலமாக வீச ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

இன்னொரு கட்சி இருக்கிறது. "இதுக்கெல்லாம் லாஜிக்கே கிடையாது, அவங்க இஷ்டத்துக்குப் பேசறாங்க, கேட்டுக் கேட்டுப் பழகிக்க வேண்டியதுதான்" என்று கையை விரித்துவிடுகிற கட்சி. அதுவும் சரியில்லை. லாஜிக் இருக்கிறது, ஆனால் கடைசிவரை துணைக்கு வராது. எதுவரை வரும், எந்த இடத்தில் நம்மை இறக்கிவிட்டுப் போய்விடும் என்று தெரிந்துகொண்டால் பட்டியலை மனப்பாடம் பண்ணுகிற வேலை பாதியாகக் குறையும். அதற்காக பிக் அப் என்ற ஒன்றை மட்டும் பிரித்துப் போட்டுப் பார்க்கலாம். கிவ் அப், டேக் ஆஃப், செட் அவுட் எல்லாவற்றையும் இதே மாதிரி பிரிக்க முடியும்.

## முதலில் நம் 'எடு'

தமிழ் தெரியாத ஒருவர் 'எடு' என்றால் என்ன என்று கேட்டால், கீழே கிடக்கும் பேனாவைக் கையில் எடுத்துக் காட்டுவோம். அவரும் புரிந்துவிட்டது என்று தலையை ஆட்டுவார். அப்புறம் அவர் காதில் வரிசையாக விழும்: பசி எடுக்கிறது, போனை எடு, போட்டோ எடுத்தான், லீவு எடுத்தேன், வாந்தி எடுத்தாள், நல்ல மார்க் எடுத்தாள், முடிவெடுத்தார்கள், வண்டி வேகமெடுத்தது. பசி எதை எடுத்தது என்று அவர் கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது.

நமக்கு மட்டும் ஏன் இதில் குழப்பமே வருவதில்லை? ஏனென்றால் 'எடு' என்ற சொல்லைத் தனியாக நாம் கேட்பதே அபூர்வம். எப்போதும் பக்கத்தில் ஒரு சொல்லோடுதான் அது வருகிறது, பக்கத்துச் சொல்தான் அர்த்தத்தை முடிவு செய்கிறது. பசி வந்தால் ஒன்று, படம் வந்தால் இன்னொன்று. 'எடு'வுக்கு எத்தனை அர்த்தம் என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள், ஆனால் தப்பாக யாரும் புரிந்துகொள்வதும் இல்லை.

பிக் அப்பும் அதே மாதிரிதான். சில இடங்களில் இரண்டும் ஆச்சரியமாக ஒத்துப்போகும்: போனை எடு என்பதற்கு பிக் அப் தி போன், வேகமெடு என்பதற்கு பிக் அப் ஸ்பீட். அதை வைத்துக்கொண்டு 'எடு' வருகிற எல்லா இடத்திலும் பிக் அப்பைப் போட்டால் மாட்டிக்கொள்வோம். லீவை யாரும் பிக் அப் செய்வதில்லை, முடிவையும்தான். கிளை விடும் விதம் ஒன்று, கிளைகள் வேறு வேறு.

## ஃபிரேசல் வெர்ப் என்பது எது?

ஒரு சாதாரண வினைச்சொல், அதன் பின்னால் அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப், அவே மாதிரி ஒரு குட்டிச் சொல், இரண்டும் சேர்ந்து ஒரே வினையாக வேலை செய்தால் அது ஃபிரேசல் வெர்ப். பின்னால் வரும் அந்தக் குட்டிச் சொல்லுக்கு இலக்கணத்தில் பார்ட்டிகிள் என்று பெயர். இனி இந்தக் கட்டுரையில் அதைச் சிறுசொல் என்றே சொல்கிறேன்.

'இரண்டும் சேர்ந்து' என்பதுதான் இதில் முக்கியம். "ஹி ரேன் அப் தி ஹில்" என்றால் குன்றின் மேல் ஓடினான். "ஹி ரேன் அப் எ பில்" என்றால் பில்லை ஏகத்துக்கும் ஏற்றிவிட்டான். இரண்டிலும் ரேன் அப் இருக்கிறது, ஆனால் முதலாவதில் அப் என்பது ஹில்லோடு சேர்ந்த சொல், 'குன்றின் மேல்' என்று இடத்தைக் காட்டுகிறது. இரண்டாவதில் அது ரேன் என்ற வினையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சந்தேகம் வந்தால் ஒரு சின்ன சோதனை: அப் என்பதிலிருந்து வாக்கியத்தை ஆரம்பித்துப் பாருங்கள். "அப் தி ஹில் ஹி ரேன்" என்று ஒரு கதையில் எழுதலாம், கொஞ்சம் நாடகத்தனமாக இருந்தாலும் தப்பில்லை. "அப் எ பில் ஹி ரேன்" என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். அப்பை இப்படி முன்னால் நகர்த்த முடியாமல் நிற்பதுதான் ஃபிரேசல் வெர்ப்.

இலக்கணத்தைக் கறாராகப் பார்த்தால், பட்டியல்களில் உட்கார்ந்திருக்கும் லுக் ஆஃப்டர் தேறாது. அங்கே ஆஃப்டர் என்பது பின்னால் வரும் ஆளோடு சேர்ந்த சொல். பாடப்புத்தகங்கள் இரண்டு வகையையும் ஒரே கூடையில் போட்டுவிடுவதால்தான் பின்னால் சொல்லப்போகும் பிரிக்கும் விதி பலருக்குக் குழம்புகிறது.

இந்தப் பெயர் அப்படியொன்றும் பழையதில்லை. லோகன் பியர்சால் ஸ்மித் என்ற எழுத்தாளர் 1925இல் வெளியிட்ட புத்தகம் ஒன்றில் ஃபிரேசல் வெர்ப் என்று எழுதினார். அந்தப் பெயரைத் தனக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் இந்தத் தலைவலி பெயருக்கு முந்தியது. சாமுவேல் ஜான்சன் 1755இல் கொண்டுவந்த தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் ஒரு சிறுசொல்லைச் சேர்த்து அர்த்தத்தை மாற்றும் இந்தப் பழக்கம் ஆங்கிலத்தில் ரொம்ப அதிகம், வெளியாட்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம் என்று எழுதியிருக்கிறார். ஆக, முழிக்கிற முதல் ஆள் நாம் இல்லை.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: வினையும் சிறுசொல்லும் ஒட்டி ஒரே வினையாகிறது, அதற்கு எத்தனை அர்த்தம் இருந்தாலும் எந்த இடத்தில் எது என்பதைப் பக்கத்துச் சொல் காட்டிக்கொடுக்கிறது.

## அந்த 'அப்' சும்மா இல்லை

பிக் என்பதற்குத் தமிழில் ஒரு நல்ல ஜோடி உண்டு: பொறுக்கு. விரலால் ஒன்றைத் தனியாக எடுப்பது, பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, இரண்டுமே 'பொறுக்கு'வில் இருக்கிறது, பிக்கிலும் இருக்கிறது. பூப் பறிப்பதும் பிக், அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பதும் பிக். சரி, அப் என்ன செய்கிறது?

அப் என்றால் மேலே. அது நேர் அர்த்தம். அதிலிருந்து வேறு சில அர்த்தங்கள் கிளம்பியிருக்கின்றன. முதலாவது, அதிகமாதல். ஒரு குவியலில் சேர்க்கச் சேர்க்க அது உயர்கிறது, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்ற மட்டம் ஏறுகிறது. அதிகம் என்றால் உயரம் என்று மூளை முடிச்சுப் போட்டுவிடுகிறது. மொழியியலாளர் ஜார்ஜ் லேகாஃப், தத்துவ அறிஞர் மார்க் ஜான்சன் இருவரும் 1980இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் இதை விரிவாகப் பேசினார்கள். நமக்கு அந்தப் புத்தகம்கூட வேண்டாம்: விலை ஏறுகிறது, காய்ச்சல் ஏறுகிறது, சத்தத்தைக் குறை என்பதற்கு 'வால்யூமை இறக்கு' என்கிறோம். விலை எந்தப் படியில் ஏறியது என்று நாம் கேட்பதில்லை.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியவருதல். ஷோ அப், டர்ன் அப் இரண்டும் வந்து சேர்வது, தலை காட்டுவது. கீழே கிடப்பது தெரியாது, மேலே வந்தால் தெரியும்.

மூன்றாவது, முழுசாக முடிந்துபோதல். யூஸ் அப் என்றால் ஒரு துளி மிச்சமில்லாமல் தீர்த்துவிடுவது. டிரை அப் என்றால் முழுக்க வற்றிப்போவது. இங்கே மேலே என்பதற்கு வேலையே இல்லை. தமிழில் துணைவினை செய்கிற வேலையை இந்த அப் செய்கிறது. 'முடித்தான்' என்பதற்கும் 'முடித்துவிட்டான்' என்பதற்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 'விடு'வில் யாரும் எதையும் விடவில்லை, வேலை தீர்ந்தது என்று அழுத்திச் சொல்கிறது, அவ்வளவுதான். இந்த மூன்றாவது அர்த்தம் பிடிபட்டுவிட்டால் டஜன்கணக்கான ஃபிரேசல் வெர்ப்கள் ஒரே நாளில் கைக்கு வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இதை வைத்து எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட முடியாது. ஸ்லோ அப் என்றாலும் வேகம் குறைவதுதான், ஸ்லோ டவுன் என்றாலும் அதேதான். படிவத்தை நிரப்புவதற்கு ஃபில் இன் என்றும் சொல்கிறார்கள், ஃபில் அவுட் என்றும் சொல்கிறார்கள். கட்டங்களுக்கு உள்ளே எழுதுவதைப் பார்த்தால் இன், படிவம் முழுசாவதைப் பார்த்தால் அவுட். எதிரெதிர் சொற்கள் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் விடுகின்றன. அதனால் சிறுசொல்லின் அர்த்தத்தை வைத்து ஊகிக்கலாம், ஊகத்தைச் சரிபார்க்காமல் விடக்கூடாது.

## பிக் அப் எப்படிக் கிளை விட்டது?

அடிமரம் சுலபம். தரையில் கிடக்கும் காகிதத்தை எடுப்பது, அழுகிற குழந்தையைத் தூக்குவது. கை, பொருள், மேலே.

அடுத்தது வண்டி. ஸ்டேஷனில் காத்திருப்பவரைப் போய் அழைத்து வருவதும் பிக் அப்தான். யாரும் யாரையும் தூக்கவில்லை, ஆனாலும் ஓர் இடத்தில் இருந்தவரை அங்கிருந்து கிளப்பிக் கொண்டுவருகிறோம். போலீஸ் ஒருவரைப் பிடித்து வண்டியில் ஏற்றினால் அதற்கும் இதே சொல். நாமும் "போலீஸ் தூக்கிடுச்சு" என்றுதான் சொல்கிறோம், இதில் ஆங்கிலத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் ஒன்றைக் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும்: முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து மயக்கிக் கூட்டிப் போவதற்கும் பிக் அப் என்று பெயர். ஒரு பெண்ணை ஏர்போர்ட்டில் பிக் அப் செய்தேன் என்றால் கேட்பவர் பெட்டியைத் தூக்கி வைத்ததை நினைப்பார், பாரில் பிக் அப் செய்தேன் என்றால் வேறு மாதிரி நினைப்பார். வினை மாறவில்லை, இடம் மாறியது.

எனக்கு ரொம்பப் பிடித்த கிளை அடுத்தது. ஒரு மொழியை பிக் அப் செய்தாள், ஒரு பழக்கத்தை பிக் அப் செய்தான், வருகிற வழியில் மருந்தை பிக் அப் செய்தேன், பயணத்தில் ஜலதோஷத்தை பிக் அப் செய்துகொண்டேன். முதலாவது கற்றது, இரண்டாவது ஒட்டிக்கொண்டது, மூன்றாவது வாங்கியது, நாலாவது தொற்றியது. பட்டியலில் போட்டால் நான்கு தனி அர்த்தம், நான்கு தனி வரி. ஆனால் நான்கிலும் ஒரே சாயல் இருக்கிறது: அதற்கென்று மெனக்கெடாமல், போகிற போக்கில், நம்மோடு வந்து சேர்ந்துவிடுவது. அதனால்தான் வகுப்புக்குப் போய், புத்தகம் வைத்து, பரீட்சை எழுதிக் கற்ற மொழிக்கு இந்தச் சொல் பொருந்தாது. அக்கம்பக்கத்தில் பேசக் கேட்டுக் கேட்டு வந்த மொழிக்குத்தான் பொருந்தும். பல மாதம் தேடி, கடன் வாங்கி வாங்கிய வீட்டைப் போய் பிக் அப் செய்தேன் என்றால் கேட்பவர் சிரிப்பார், ஏதோ தெருவில் கிடந்ததைப் பொறுக்கி வந்த மாதிரி இருக்கும். சில பேர் வேண்டுமென்றே அப்படிச் சொல்வார்கள், பெருமையை மறைத்துக்கொள்கிற ஒரு வழி.

இங்கே தமிழோடு ஒரு முரண் வரும், அதில்தான் நாம் தடுக்கி விழுகிறோம். நமக்கு நோய்தான் நம்மைப் பிடிக்கும்: எனக்குச் சளி பிடித்தது. ஆங்கிலத்தில் ஆள்தான் நோயை எடுத்துக்கொள்கிறார். யார் செய்தது, யாருக்கு நடந்தது என்பது தலைகீழாகிவிடுகிறது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஜலதோஷம் என்னை பிக் அப் செய்தது என்று ஆகிவிடும், ஏதோ காரில் வந்து கூட்டிப் போன மாதிரி.

அலை, ஒலி சமாச்சாரமும் இதே குடும்பம். ரேடியோ ஒரு நிலையத்தின் அலையை வாங்குவது, ரேடார் விமானத்தைக் கண்டுபிடிப்பது, மைக் பக்கத்து அறைப் பேச்சையும் சேர்த்து இழுத்துக்கொள்வது, எல்லாம் பிக் அப். நாமும் போனில் டவர் எடுக்கவில்லை என்கிறோம் இல்லையா, அதே எண்ணம்தான். எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பாகத்துக்கே பிக்கப் என்றுதான் பெயர். ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அதுதான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. தந்தியின் அதிர்வைப் பொறுக்கி எடுக்கிறது, அதனால் அந்தப் பெயர். இதே கிளையில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் பிக் அப் ஆன்: வாயால் சொல்லாததையும் ஒருவருடைய பேச்சின் தொனியிலிருந்து கவனித்துவிடுவது. மனித ரேடார்.

அதிகமாதல் என்ற அர்த்தத்திலிருந்து இன்னொரு கிளை: காற்று வலுத்தது, வியாபாரம் சூடு பிடித்தது, உடம்பு தேறியது. முதல் பாதி இழுவையாகப் போன படம் இரண்டாம் பாதியில் பிக்கப் ஆனது என்று தமிழிலேயே சொல்கிறோமே, அதே அர்த்தம்தான். விட்ட இடத்திலிருந்து தொடர்வது இன்னொன்று. கீழே விழுந்த நூலை மறுபடி கையில் எடுத்துத் தொடர்வது போல, நின்றுபோன பேச்சைத் தொடர்வதையும் பிக் அப் என்கிறார்கள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்ட மேஜையில் பில்லை பிக் அப் செய்வது என்றால், அதைக் கையில் எடுத்தவர் பணம் கட்டுகிறார் என்று அர்த்தம். கம்பெனி செலவை ஏற்றுக்கொண்டால் அங்கே மேஜையும் கிடையாது, காகிதமும் கிடையாது, சொல் மட்டும் மிச்சம்.

அமெரிக்காவில் அம்மாக்கள் பிள்ளைகளிடம் அறையை பிக் அப் பண்ணச் சொல்வார்கள். அறையை எப்படித் தூக்குவது? தரையில் இறைந்து கிடக்கும் சாமான்களை எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். குப்பையைத்தான் பெருக்குகிறோம், ஆனால் வீட்டைப் பெருக்கு என்கிறோம் அல்லவா, அதே தாவல்தான்.

சுருக்கமாகப் பார்த்தால், தூக்குவது அடிமரம். அங்கிருந்து அழைத்து வருவது, போகிற போக்கில் சேர்வது, அலையை வாங்குவது, கூடுவது, தொடர்வது, பொறுப்பேற்பது என்று கிளை பிரிகிறது. ஒவ்வொரு கிளைக்கும் அடிமரத்தோடு ஏதோ ஓர் இடத்தில் ஒட்டு இருக்கிறது.

## எந்த அர்த்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே மூச்சில் ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "ஸ்டேஷனில் தங்கையை பிக் அப் செய்தேன். வழியில் மருந்தை பிக் அப் செய்தோம், அவள் எங்கோ காய்ச்சலை பிக் அப் செய்திருந்தாள். வீட்டுக்குப் போன் போட்டால் யாரும் பிக் அப் செய்யவில்லை. அதற்குள் மழை பிக் அப்."

ஐந்து இடம், ஐந்து அர்த்தம், ஆங்கிலம் பழகியவர் எங்கேயும் நிற்க மாட்டார். அவர் மூளை இரண்டு விஷயத்தைப் பார்க்கிறது. எதை என்று கேட்டால் பதில் இருக்கிறதா? இருந்தால் அது என்ன மாதிரியான பொருள்? ஆளும் இடமும் வந்தால் அழைத்து வருவது. கடையில் கிடைப்பது வந்தால் வாங்குவது. நோய் வந்தால் தொற்றுவது. போன் பேச்சில் வந்தால், எதை என்று தனியாகச் சொல்லாவிட்டாலும் தெரியும். கடைசி வாக்கியத்தில் எதை என்ற கேள்விக்கே இடமில்லை, மழை எதையும் எடுக்கவில்லை, தானாகக் கூடுகிறது.

இந்தக் கடைசி வித்தியாசத்தைத் தமிழர்கள் ஏற்கெனவே கச்சிதமாகக் கையாள்கிறார்கள், கவனித்ததில்லை அவ்வளவுதான். ஆளை பிக்கப் பண்ணுவோம், வியாபாரம் பிக்கப் ஆகும். செயப்படுபொருள் இருந்தால் 'பண்ணு', இல்லாவிட்டால் 'ஆகு'. ஆங்கிலத்தில் அப்படிப் பிரித்துக்காட்ட ஒட்டு எதுவும் கிடையாது, இரண்டுக்கும் ஒரே பிக் அப். அதனால் படிக்கும்போது மனசுக்குள் பண்ணு போடுவதா, ஆகு போடுவதா என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

## நடுவில் பிரிக்கும் விதி

ஆனால் இதே 'பிக்கப் பண்ணு' இன்னோர் இடத்தில் நம் காலை வாரிவிடும். தமிழில் நாம் பிக்கப் என்பதை உடைக்க முடியாத ஒரே சொல்லாக வைத்திருக்கிறோம். "என்னை பிக்கப் பண்ணு" என்று யோசித்துவிட்டு அதை ஆங்கிலமாக்கினால் "பிக் அப் மீ" என்று வாயில் வந்துவிடும். சரியானது "பிக் மீ அப்".

விதி இதுதான். பெட்டி என்று பெயரைச் சொன்னால் இரண்டு மாதிரியும் சொல்லலாம்: "பிக் அப் தி பாக்ஸ்", "பிக் தி பாக்ஸ் அப்". பெட்டி என்பதற்குப் பதில் இட் வந்தால், அல்லது மீ, ஹிம், ஹெர், தெம் வந்தால், நடுவில்தான் வர வேண்டும்: "பிக் இட் அப்". "பிக் அப் இட்" தப்பு. அதேபோல் பொருளின் வர்ணனை நீண்டுகொண்டே போனால், மேஜைக்கு அடியில் நேற்றிலிருந்து கிடக்கும் அந்தப் பெரிய நீலப் பெட்டி என்கிற மாதிரி, அது கடைசிக்குப் போய்விடும். அவ்வளவையும் நடுவில் திணித்தால் அப் வருவதற்குள் கேட்பவர் மறந்துவிடுவார்.

ஏன் இப்படி? ஆங்கில வாக்கியத்தில் கடைசி இடம் பொதுவாகப் புதுச் செய்திக்கு, அழுத்திச் சொல்லும் சொல்லுக்கு. இட் என்பது ஏற்கெனவே பேசிய ஒன்றைச் சுட்டுகிற, அழுத்தமே இல்லாத சொல். அது கடைசியில் நின்றால் எடுபடாது, அதனால் உள்ளே ஒடுங்கிவிடுகிறது. அப் என்பதில் அழுத்தம் விழும், கடைசியில் அது நன்றாக நிற்கும். ஆங்கிலத்தின் உறவுக்கார மொழியான ஜெர்மனில் இந்தப் பிரிவினை இன்னும் தீவிரம். அங்கே அவுஃப்ஹேபன் என்று ஒரு வினை, அவுஃப் என்றால் மேலே, ஹேபன் என்றால் தூக்கு. வாக்கியத்தில் போட்டால் பல நேரம் ஹேபன் முன்னால் போய்விடும், அவுஃப் கடைசியில் தனியாக நிற்கும். அதற்கும் கீழே கிடப்பதை எடு, பத்திரமாக வை, ரத்து செய் என்று ஒன்றுக்கொன்று சண்டை போடுகிற அர்த்தங்கள்.

லுக் ஆஃப்டர் இந்த விதிக்குள் வராது. "லுக் ஆஃப்டர் ஹிம்" என்பதுதான் சரி, ஹிம்மை நடுவில் போட முடியாது, ஏனென்றால் ஆஃப்டர் அங்கே சிறுசொல் இல்லை என்று முன்பே பார்த்தோம். பிக் அப் ஆன் மாதிரி மூன்று சொல் சேர்ந்து வந்தாலும் பிரிக்க வேண்டாம், இட் கடைசியில்தான்: "பிக் அப் ஆன் இட்".

## பெயர்ச்சொல்லாக மாறும்போது

வினையாக வரும்போது பிக் தனி, அப் தனி, இரண்டு சொல்லாக எழுதுவார்கள், உச்சரிப்பில் அழுத்தம் அப்பில் விழும். பெயர்ச்சொல்லானால் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவார்கள், சிலர் நடுவில் ஒரு கோடு போடுவார்கள், அழுத்தம் முன்னால் பிக்குக்கு நகர்ந்துவிடும். பின்னால் திறந்த தட்டு வைத்த பிக்கப் வண்டி இப்படி வந்தது. ஃபோர்டு கம்பெனி தன் மாடல் டி காரைப் பிக்கப் உடலோடு விற்பனைக்குக் கொண்டுவந்ததும் 1925இல்தான். ஃபிரேசல் வெர்ப் என்ற பெயர் அச்சில் வந்த அதே வருஷம், தற்செயல்தான்.

லாகின், பேக்கப், செட்டப் எல்லாம் இதே கணக்கு. பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் ஒரே சொல், ஃபைலை பேக் அப் செய் என்றால் இரண்டு சொல். ஆங்கிலேயர்களே இதில் தினமும் கோட்டை விடுகிறார்கள், பல வெப்சைட்களில் "ப்ளீஸ் லாகின்" என்று சேர்த்து எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

## ஃபிரேசல் வெர்ப் என்றால் கொச்சையா?

இல்லை. ஆராய்ச்சியை நடத்துவதற்கு கேரி அவுட், குழுவை அமைப்பதற்கு செட் அப் என்று அரசாங்க அறிக்கைகளிலேயே வரும். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்களும், அப்புறம் லத்தீன் சொற்களும் கூட்டமாக வந்து சேர்ந்தன. அதனால் பல விஷயத்துக்கு இரட்டைச் சொல்: தீயை புட் அவுட் செய்வது வீட்டுப் பேச்சு, எக்ஸ்டிங்விஷ் செய்வது நோட்டீஸ் பலகைப் பேச்சு. முதலாவது எளிமையானது, அதற்காகத் தரக்குறைவு என்று நினைத்து எல்லா இடத்திலும் பெரிய சொல்லாகப் போட்டால் பேச்சு விறைத்துப்போகும். பிக் அப்பில் ஆளை மயக்குகிற அர்த்தம் ஒன்றுதான் அலுவலகக் கடிதத்துக்கு ஆகாது.

## அகராதியில் என்ன பார்க்க வேண்டும்?

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே போடும் அகராதிகளில் பிக் என்ற சொல்லுக்குக் கீழே பிக் அப் தனியாக, நிறைய உட்பிரிவோடு இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். தலைப்பை மட்டும் உற்றுப் பாருங்கள். எஸ்பி, எஸ்டிஎச் என்று இரண்டு சுருக்கம் இருக்கும். போலீஸ் எஸ்பி இல்லை, யாரோ ஒருவர் என்பதன் சுருக்கம். மற்றது ஏதோ ஒன்று என்பதன் சுருக்கம். இந்த இரண்டும் பிக்குக்கும் அப்புக்கும் நடுவில் இருந்தால் பிரிக்கலாம் என்று அர்த்தம். சில அகராதிகள் இரு பக்கமும் முனை உள்ள ஓர் அம்புக்குறி போட்டு, பொருள் முன்னாலும் வரும் பின்னாலும் வரும் என்று காட்டும். இரண்டு சுருக்கமும் இல்லாமல் வெறும் பிக் அப் என்று நின்றால் அது 'ஆகு' வகை, காற்று வலுப்பது மாதிரி. மூன்று சொல்லுக்கு அப்புறம் கடைசியில் இருந்தால் பிரிக்கக்கூடாத வகை.

அதற்குக் கீழே இருக்கும் உதாரண வாக்கியத்தில், பக்கத்தில் எந்த மாதிரிச் சொல் வந்திருக்கிறது என்று பார்த்து, குறித்துக்கொள்ளும்போது வினையை மட்டும் எழுதாமல் அந்தச் சொல்லோடு சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்: பிக் அப் ஸ்பீட், பிக் அப் எ கோல்ட், பிக் அப் தி போன். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும்.